நிழலில் வளரும் நறுமணம் – ரம்பை

வீட்டுத் தோட்டம்



தோட்டம் போட வேண்டும் என்னும் ஆசை இருந்தும், "எங்கள் வீட்டில் வெயிலே விழுவதில்லையே!" என்று அந்த ஆசையைக் கைவிட்டவர்கள் நம்மில் பலர். மூன்று பக்கமும் சுவர். நான்காவது பக்கம் அடுத்த வீட்டு மாடி. கிணற்றடியில் ஒரு தென்னை, அதன் அருகே ஒரு வேம்பு. இத்தகைய இடத்தில் கத்தரி காய்க்காது, ரோஜா பூக்காது என்பது உண்மையே. ஆயினும் பெருங்காடுகளின் தரையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வானளாவிய மரங்களின் கிளைகளுக்கு இடையே சிந்தும் சிறிதளவு ஒளியைக் கொண்டே எத்தனையோ செடிகள் ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் வாழ்கின்றன. வெயிலுக்கு உரிய செடியை நிழலில் வைத்து வருந்துவதைவிட, நிழலுக்கு உரிய செடியைத் தேடி வைப்பதே அறிவுடைமையாகும்.

இஞ்சி, மஞ்சள், சித்தரத்தை, கச்சோலம் முதலியன இவ்வகையில் நமக்கு முன்பே அறிமுகமானவை. இம்மாதம் நாம் காண இருப்பது, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பயன் தரும் ரம்பையைப் பற்றி.

ரம்பை என்பது எது?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் உள்ள வாசகர்களுக்கு இச்செடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நெய்ச்சோற்றுக்குத் தாளிக்கும்போது நெய்யில் விழும் நீண்ட பச்சை இலை அதுவே. இலங்கையில் கறிவேப்பிலையும் ரம்பையும் இல்லாமல் கறி இறங்குவதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதனைப் பாண்டான் இலை என்பர். தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறு முதல் பச்சை நிறக் கேக் வரை அங்கே அதற்கு இடம் உண்டு. ஆனால் நம் மாநிலத்தின் உள்மாவட்டங்களில் இதனைக் கண்ணால் கண்டிராத இல்லங்கள் மிகப் பல.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் பாண்டானஸ் அமரில்லிஃபோலியஸ் என்பதாகும். நம் கடற்கரைகளில் வேலியாக நிற்கும் தாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாழையின் ஆண்பூவைக் காய்ச்சி வடித்து எடுப்பதே பிரியாணிக்குத் தெளிக்கும் கேவ்ரா நீர். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டம் அதற்குப் பெயர் பெற்றது. இரண்டும் உறவினவே என்றாலும் பழக்கத்தில் வேறுபட்டவை. தாழை மணலையும் வெயிலையும் விரும்பும். அதன் இலையோரம் முழுவதும் முள் நிறைந்திருக்கும். ரம்பை நிழலையும் ஈரத்தையும் விரும்பும். இலை நுனியில் சில சிறு முட்கள் தவிர, வழவழப்பாக இருக்கும். தாழைக்கு மணம் பூவில். ரம்பைக்கு மணம் இலையில்.

அந்த மணம் நமக்குப் புதியதன்று. நல்ல பாஸ்மதி அரிசி வேகும்போது எழும் மணமே அது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலார் ரான் பட்டரியும் அவர்தம் குழுவினரும், மணமுள்ள அரிசி வகைகளின் வாசனைக்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்தனர். அதே பொருள் ரம்பை இலையிலும் இருப்பதை 1983-இல் வெளியிட்டனர். மணமுள்ள அரிசியில் இருப்பதைவிட இலையில் அது சுமார் பத்து மடங்கு மிகுதி என்றும் கண்டனர். சாதாரணப் பச்சரிசியில் ஓர் இலையைப் போட்டு வடித்தால் விலை உயர்ந்த அரிசியின் மணம் வருவது இதனால்தான். இது தாளிப்பவர் கைப்பக்குவம் மட்டுமன்று. இலையின் குணமும் ஆகும்.

வாங்குமுன் ஓர் எச்சரிக்கை

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நாற்றுப் பண்ணைகளில் இச்செடியைப் "பிரியாணி இலைச் செடி" என்றும் "பாஸ்மதிச் செடி" என்றும் விற்கின்றனர். மளிகைக் கடையில் பிரியாணி இலை என்று கேட்டால் தருவதோ காய்ந்த பிரிஞ்சி இலை. அது லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இலையாகும். எனவே பண்ணையில் "ரம்பை" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இரண்டாவது குழப்பம் ஆபத்தானது. அழகுக்காக வளர்க்கப்படும் சில லில்லி வகைகளின் இலை, தொலைவிலிருந்து பார்க்க ரம்பையைப் போலவே நீண்டு பளபளக்கும். ரம்பையின் தாவரப் பெயருக்கே "அமரில்லிஸ் லில்லியைப் போன்ற இலையுடையது" என்பதுதான் பொருள். அந்த லில்லிகளில் பல நச்சுத்தன்மை உடையவை. உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஆகவே மூன்று அடையாளங்களைப் பாருங்கள்.

முதலாவது, அடிப்பகுதி. லில்லிக்கு மண்ணுள் வெங்காயம் போன்ற கிழங்கு இருக்கும். ரம்பைக்குக் கிழங்கு கிடையாது. சிறு தண்டும், அதிலிருந்து விரல் போல் இறங்கும் வேர்களும் இருக்கும்.

இரண்டாவது, இலை. ரம்பை இலை நடுவில் படகு போல் மடிந்து, அடிப்புறத்தில் நரம்பு புடைத்திருக்கும். நுனியை விரலால் எதிர்த்திசையில் தடவினால் மிகச் சிறு முட்கள் தட்டுப்படும்.

மூன்றாவது, மணம். பச்சை இலையை முகர்ந்தால் மணம் மெலிதாகவே வரும். ஓர் இலையைப் பறித்துச் சற்றே வாடவிட்டுக் கசக்கிப் பாருங்கள், அல்லது வெந்நீரில் இட்டுப் பாருங்கள். வடித்த சோற்றின் மணம் எழுந்தால் அது ரம்பை. எழாவிட்டால் அந்தச் செடி உங்கள் சமையலறைக்கு உரியதன்று. இம்மூன்றும் பொருந்திய பின்னரே அதனை அடுப்பங்கரைக்குக் கொண்டு செல்லுங்கள். ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த நிழல்?

நிழல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. ஒரு நாளைக்கு ஒதுக்கி, காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளைகளில் உங்கள் முற்றத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சிறிது நேரம் இளவெயில் விழுந்து, பிறகு நாள் முழுதும் நிழலாக இருக்கும் இடம் ரம்பைக்கு மிகவும் ஏற்றது. மரக்கிளைகளின் ஊடே புள்ளி புள்ளியாக ஒளி விழும் இடமும் அவ்வாறே. தென்னையின் அடிப்பகுதி இதற்கு நல்ல சான்று. மூன்றாவது வகை, பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய இருண்ட மூலை. அங்கே ரம்பை இறந்துவிடாது. ஆனால் இலை மெலிந்து நீண்டு, பக்கக் கன்று விடாமல் நின்றுவிடும். ஒரு செய்தித்தாளை விளக்கின்றிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தால் அந்த வெளிச்சம் போதும்.

நண்பகல் வெயில் நேராக விழும் இடத்தை மட்டும் தவிர்த்திடுக. காட்டின் தரையில் வாழும் செடிகள் குறைந்த ஒளியையும் வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பைப் பெற்றவை. அந்த இலையில் கத்திரி வெயில் விழுந்தால், அளவுக்கு மீறிய ஒளியைத் தாங்க இயலாமல் பச்சையம் சிதையும். இலை முதலில் வெளிறி மஞ்சளாகும், பின்னர் நுனியிலிருந்து கருகும். இதைக் கண்டு உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தை அள்ளிப் போடுவோர் உண்டு. அது நோயை விட்டு வேறு எதற்கோ மருந்து கொடுப்பதாகும். தொட்டியை நிழலுக்கு நகர்த்தினால், புதிதாக வரும் குருத்து கரும்பச்சையாகத் தோன்றும்.

மண்ணும் தொட்டியும்

உதிர்ந்த இலைகள் மக்கிய கருமண்ணே காட்டுச் செடிகளின் தொட்டில். அதனை நாம் வீட்டிலேயே உண்டாக்கலாம். தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு கிடைத்தால் அதிலும் சிறிது சேர்க்கலாம். ஈரத்தை அது பிடித்து வைக்கும்.

சுமார் 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள மண்தொட்டி ஒரு செடிக்குப் போதும். பழைய வாளியோ எண்ணெய் டின்னோ ஆனாலும் குற்றமில்லை. அடியில் நான்கைந்து துளைகள் கட்டாயம் வேண்டும். துளைகளின் மேல் ஓட்டுச் சில்லுகளை வைத்து மண்ணை நிரப்புங்கள். தரையில் நடுவதானால் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

இலை பறித்துக் கன்றுகளைப் பிரித்து வந்தால் செடி இடுப்பளவு உயரத்திலேயே அடக்கமாக நிற்கும். பல ஆண்டுகள் தொடாமல் விட்டாலோ, தடித்த தண்டுடன் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் இயல்பும் அதற்கு உண்டு. சிறிய முற்றம் உடையவர்கள் இதனை நினைவில் கொள்க.

கன்று பிரித்து நடுதல்

ரம்பைக்கு விதை கிடையாது. தாய்ச்செடியின் அடியிலும் தண்டின் பக்கங்களிலும் தோன்றும் கன்றுகளே அடுத்த தலைமுறை. ஒரு சாண் அளவு வளர்ந்து, அடியில் வேர் எட்டிப் பார்க்கும் கன்றாகத் தேர்ந்தெடுங்கள். கழுவித் துடைத்த கூரிய கத்தியால் தாய்த்தண்டை ஒட்டி அறுத்தெடுங்கள். கையால் பிய்த்தால் இரண்டுக்கும் காயம்.

வேர் நன்றாக இருந்தால் நேரே தொட்டியில் நடலாம். வேர் குறைவாக இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் அடிப்பாகம் மட்டும் மூழ்குமளவு நீர் ஊற்றிக் கன்றை நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். சில வாரங்களில் வெள்ளை வேர்கள் இறங்குவதைக் காணலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைச் சன்னலோரம் வையுங்கள். வேர் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பாடநூலில் படிப்பதைவிடக் கண்ணால் காண்பது மனத்தில் நிற்கும்.

நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். குருத்தினுள் மண் புகுந்தால் அழுகல் தொடங்கும். வெளி இலைகளைப் பாதியளவு நறுக்கிவிட்டால், வேர் பிடிக்கும் வரை நீரிழப்பு குறையும். முதல் மாதம் முழு நிழலில் வையுங்கள். மழைக்காலத் தொடக்கமே நடுவதற்குச் சிறந்த பருவம். சித்திரை, வைகாசி வெப்பத்தில் நட்டால் இருமடங்கு கவனம் வேண்டும்.

நீரும் உரமும்

மண் எப்போதும் பிழிந்த துணியைப் போல் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. விரலை மண்ணுள் ஒரு கணு அளவு விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று நீர் வேண்டாம். கோடையில் நாள்தோறும் தேவைப்படலாம். அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் தேவைப்படாது.

ஒளுச் செய்த நீர் சாக்கடைக்குப் போவதை நாள்தோறும் ஐந்து வேளையும் காண்கிறோம். சோப்புக் கலவாத அந்த நீர் ரம்பைக்கு மிகவும் ஏற்றது. ஒளுச் செய்யும் இடத்தின் அருகே தொட்டியை வைத்தாலோ, நீர் வழியும் வாய்க்காலின் ஓரத்தில் கன்றை நட்டாலோ, நீர் ஊற்ற வேண்டும் என்னும் நினைவே இன்றிச் செடி வளர்ந்துவிடும். துணி துவைத்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் அதில் சேர விடாதீர்கள். கிணற்று நீர் உப்புக் கரிக்கும் கடற்கரை ஊர்களில், இலை நுனி பழுப்பாகக் காய்வது உண்டு. அங்கெல்லாம் மழை நீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தொட்டி மண்ணை அலசினாற்போல் ஊற்றுவது நல்லது.

தொட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால், அதில் தேங்கும் நீரை வாரம் இருமுறையேனும் கொட்டிவிடுங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிட அத்துணைச் சிறு நீரே போதும்.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மக்கிய எருவை மேல்மண்ணில் தூவிக் கிளறிவிட்டால் போதும். பச்சைச் சாணமும் மக்காத சமையலறைக் கழிவும் வேண்டாம். அவை வேரைச் சுடும், ஈயை அழைக்கும்.

பூச்சியும் நோயும்

ரம்பைக்குப் பகைகள் குறைவு. இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு போல் வெள்ளையாகப் படிவது மாவுப்பூச்சி. பழுப்புப் பொட்டாக ஒட்டியிருப்பது செதிற்பூச்சி. தொடக்கத்திலேயே ஈரத் துணியால் துடைத்துவிடலாம். மிகுந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்காகச் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் தெளியுங்கள். தெளித்த பின் இரண்டு வாரம் இலை பறிக்க வேண்டாம். நாம் உணவில் இடும் இலை என்பதால், கடையில் விற்கும் இரசாயன நஞ்சுகளை இதன்மேல் தெளிப்பது எவ்வகையிலும் தகாது.

அடிப்பாகம் கறுத்து, கெட்ட நாற்றத்துடன் இலைகள் சரிந்தால் அது வேரழுகல். நீர் மிகுந்ததே காரணம். நலமாக உள்ள மேற்பகுதியை வெட்டி எடுத்து, முன்சொன்னவாறு நீரில் வேர்விடச் செய்து, புதிய மண்ணில் நடுவதே வழி.

இலை பறித்தல்

நட்ட ஆறு மாதங்கள் வரை பொறுத்திருங்கள். அதன் பின்னர் அடியிலுள்ள முற்றிய இலைகளை மட்டும் தண்டை ஒட்டி வெட்டுங்கள். ஒரு வேளைக்கு ஒரு செடியில் இரண்டு மூன்று இலைகளுக்கு மேல் வேண்டாம். நடுக்குருத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள். விருந்து நாள்களில் ஒரே செடியை மொட்டையடிப்பதைவிட, முன்கூட்டியே நான்கைந்து தொட்டிகள் வைத்துக்கொள்வது நலம்.

அடுப்பங்கரையில்

ஒரு படி அரிசி நெய்ச்சோற்றுக்கு இரண்டு விரல் நீளத் துண்டுகள் நான்கைந்து போதும். நெய் காய்ந்ததும் பட்டை, ஏலம், கிராம்புடன் சேர்த்து வதக்கினால் மணம் நெய்யில் இறங்கும். தேங்காய்ப்பால் சோற்றுக்கு முழு இலையை முடிச்சிட்டுப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிடலாம். நோன்புக் கஞ்சியிலும் சில இல்லங்களில் ஒரு துண்டு இடுவர். இறைச்சிக் கறி, மீன் ஆணம், பருப்பு ஆகிய எதற்கும் இது பொருந்தும். அளவு மிஞ்சினால் மட்டும் பச்சை வாடை முந்திக்கொள்ளும்.

இனிப்புக்குச் சாறு வேண்டுமானால், இலைகளைப் பொடியாக நறுக்கிச் சிறிது நீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டிக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வையுங்கள். அடியில் கரும்பச்சைச் சாறு படியும். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு அதனைப் பயன்படுத்துங்கள். புட்டிகளில் அடைத்துப் "பாண்டான் எசென்ஸ்" என்று விற்பவற்றில் பல, செயற்கை மணமும் நிறமும் சேர்த்தவை. வீட்டில் செடி இருக்க அவை எதற்கு? இலையைக் காயவைத்து டப்பாவில் அடைக்க நினைக்காதீர்கள். காய்ந்த இலையில் மணம் பெரும்பாலும் போய்விடும். மிகுந்த இலையைக் கழுவித் துடைத்துப் பையிலிட்டு, உறைபனிப் பெட்டியில் வைக்கலாம்.

மருந்து என்னும் பேச்சு

ரம்பை நீர் குடித்தால் சர்க்கரை நோய் போகும், இரத்தக் கொதிப்பு இறங்கும் என்றெல்லாம் இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. இவ்விலையின் சாற்றை வைத்து ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்திருப்பது உண்மை. ஆனால் ஆய்வுக்கூடத்துச் சோதனை வேறு, நோயாளிக்கு மருந்து வேறு. உணவில் மணத்துக்காகச் சேர்ப்பதில் தடையில்லை. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இலைநீரை நம்புவதோ உயிரோடு விளையாடுவதாகும். வீட்டில் உள்ள முதியவர்கள் எவரேனும் அவ்வாறு செய்கிறார்களா என்று இன்றே கேட்டறியுங்கள்.

கைமாறினால்தான் வாழும்

இறுதியாக, இச்செடியைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இதற்குப் பெயரிட்டு எழுதிய நூல், அவர் மறைந்த பின் 1832-இல் முழுமையாக வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த தாவரவியலார் பெஞ்சமின் ஸ்டோன் 1978-இல் இதனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ரம்பை பூப்பது மிக மிக அரிது. மலுக்குத் தீவுகளில் ஆண்பூ மட்டும் கண்டறியப்பட்டுள்ளது. எனவே காற்றோ பறவையோ இதன் விதையைக் கொண்டு சேர்ப்பதில்லை. நம் நாட்டிலும் இலங்கையிலும் நிற்கும் ஒவ்வொரு ரம்பையும், யாரோ ஒருவர் மற்றொருவருக்கு மனமுவந்து கொடுத்த கன்றின் வழியாக வந்ததே.

இதன் பொருள் என்ன? பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, கிணற்றடி ரம்பையும் மண்ணோடு போகிறது. அந்தத் தெருவில் அது ஒன்றே இருந்திருந்தால், அத்துடன் அத்தெருவில் அதன் வரலாறு முடிந்துவிடும். விதையாக உறங்கிப் பின்னொரு மழையில் முளைக்கும் வாய்ப்பு அதற்கு இல்லை. பாட்டி கையால் நட்ட செடி என்றால், அதே செடியின் உடல்தான் இன்றும் உங்கள் தொட்டியில் உயிரோடிருக்கிறது. அதனை இழந்தால் கடையில் வாங்கும் வேறொன்று அதற்கு ஈடாகாது.

ஆகவே வீடு மாறுவோர், இடித்துக் கட்டுவோர் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள். சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே இரண்டு கன்றுகளைப் பிரித்து நீரில் இட்டு வையுங்கள். வீடு மாறாதவர்களும் உங்கள் செடியில் கன்று வந்ததும் ஒன்றையேனும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்; அவர் எந்தச் சமயத்தவராயினும் கொடுங்கள். மகள் புகுந்த வீடு செல்லும்போது ஒரு சிறு தொட்டியும் உடன் செல்லட்டும். ஒரு வீட்டில் ஐந்து தொட்டி இருப்பதைவிட, ஐந்து வீட்டில் ஒவ்வொன்று இருப்பதே பாதுகாப்பு. உங்கள் செடி அழுகிப்போன அன்று, நீங்கள் முன்பு கொடுத்த கன்றிலிருந்தே உங்களுக்கு ஒரு கன்று திரும்பி வரும்.

அடுத்த இதழில், தொட்டியில் கறிவேப்பிலை தழைக்காமல் நிற்பது ஏன் என்பதைக் காண்போம், இன்ஷா அல்லாஹ்.